வெள்ளையணு கோடு லேப் ரிப்போர்ட்டில் இல்லை: டி70, டி72 குழப்பத்துக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "சிபிசி என்ற மெடிக்கல் கோடிங் சான்றிதழ் முடித்துவிட்டு சென்னையில் ஒரு நிறுவனத்தில் அமெரிக்க மருத்துவமனைகளின் இன்பேஷன்ட் (உள்நோயாளி) சார்ட் பார்த்து, நோய்களுக்கு ஐசிடி கோடு போடுகிறேன். நிமோனியாவுக்கு அட்மிட் ஆன ஒருவருக்கு வெள்ளையணு எண்ணிக்கை 18,400. நிமோனியாவுக்கான ஜே18.9 கோடுடன், வெள்ளையணு கூடியதற்கான டி72.829-ஐயும் சேர்த்தேன். கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் அதை நீக்கிப் பிழை போட்டுவிட்டார். இன்னொரு சார்ட்டில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர். 'கீமோவால் வந்த லூகோபீனியா' (வெள்ளையணு குறைவு) என்று டாக்டர் எழுதியிருந்தார், டி72.819 கொடுத்தேன். அதுவும் தப்பு, டி70.1 வர வேண்டும் என்கிறார். டாக்டர் நியூட்ரோபீனியா என்று எழுதவே இல்லையே? இந்த வெள்ளையணு கோடுகளை எப்படித்தான் புரிந்துகொள்வது?"

இரண்டிலும் ஆடிட்டர் சொன்னதே சரி. ஆனால் காரணங்கள் வேறு வேறு. முதல் சார்ட்டில் அந்தக் கோடே வரக்கூடாது. இரண்டாவதில், இன்டெக்ஸை, அதாவது நோயின் பெயரை வைத்துக் கோடு தேடும் அகரவரிசைப் பட்டியலைத் திறந்திருந்தால் சரியான கோடு அங்கேயே கிடைத்திருக்கும். வெள்ளையணு கோடு லேப் ரிப்போர்ட்டிலிருந்து வருவதில்லை; நம் மனப்பாடத்திலிருந்தும் வரக்கூடாது. டாக்டர் எழுதிய சொல்லையும் அதற்கு அவர் சொன்ன காரணத்தையும் எடுத்துக்கொண்டு இன்டெக்ஸுக்குப் போக வேண்டும். இந்தப் பகுதியில் நடக்கும் தப்புகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தாண்டிப் போவதால் வருபவைதான்.

தொடங்கும் முன் ஒன்று. ரத்த நோய்க் கோடுகளின் முதல் எழுத்தை 'டி' என்றும், மருந்துப் பக்கவிளைவுக் கோடுகளின் முதல் எழுத்தை 'டீ' என்றும் எழுதுகிறேன். போனில் 'டாக்'குக்கு டி, 'டாம்'முக்கு டீ என்று சொல்வோமே, அதே கணக்கு.

டி70 நியூட்ரோபீனியா, அதாவது நியூட்ரோபில் என்ற வெள்ளையணு வகை குறைவது. டி71 நியூட்ரோபில்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும் வேலை செய்யாத கோளாறுகள். குரானிக் கிரானுலோமேட்டஸ் நோய் இங்கே வரும், அபூர்வம். டி72 மற்ற எல்லாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் கோடுப் பட்டியலான மூல ஐசிடி-10-இல் டி72 மிகச் சின்னது: மரபுவழிக் கோளாறுகளுக்கு டி72.0, ஈசினோபில் என்ற வெள்ளையணு வகை கூடும் ஈசினோபீலியாவுக்கு டி72.1, பிறவற்றுக்கு டி72.8, குறிப்பிடாதவற்றுக்கு டி72.9. அவ்வளவுதான். 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம், டி72.8-ஐ ஆறு இலக்கம் வரை விரித்துவிட்டது. அதனால்தான் உள்ளூர் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் டி72.829-ஐப் பார்த்துத் திகைக்கிறார்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. வெள்ளையணுவில் ஏதோ அசாதாரணம், என்னவென்று தெரியவில்லை என்பதற்கு மூல ஐசிடி-10-இல் ஆர்72 என்று ஓர் அறிகுறிக் கோடு இருக்கிறது. சிஎம் பதிப்பில் அது இல்லை. ஆர்71-க்கு அடுத்து நேராக ஆர்73. எனவே இங்கே எண்ணிக்கை லேசாக மாறியிருந்தாலும் டி அத்தியாயத்துக்குள்தான், அதாவது 'நோய்' என்ற தலைப்பின் கீழ்தான் போக வேண்டியிருக்கிறது. இன்சூரன்ஸ் பதிவில் ஒருவரைப் பற்றி ரத்தக் கோளாறு என்று ஏற்றுகிறோம் என்ற நினைப்போடு போட வேண்டிய கோடு இது.

சரி, நிமோனியா சார்ட்டுக்கு வருவோம். பொதுவாக 4,000 முதல் 11,000 வரை இயல்பு என்று லேப்கள் எடுத்துக்கொள்கின்றன. 18,400 அதைவிட அதிகம், உண்மைதான். கிருமி உள்ளே நுழைந்தால் நியூட்ரோபில்கள் பெருகத்தான் செய்யும். நிமோனியா என்று எழுதிவிட்டபோது அந்தப் பெருக்கமும் அதற்குள் அடக்கம். ஒரு நோயோடு வழக்கமாக வரும் அறிகுறிகளைத் தனியாகக் கோடு செய்யக் கூடாது என்பது அமெரிக்க கோடிங் கைட்லைனின் பொது விதி. இருமலுக்குத் தனிக் கோடு போட மாட்டீர்கள் அல்லவா, அதே நியாயம்தான் இதற்கும்.

இதற்கு மேல் இன்னொரு விதியும் இருக்கிறது. லேப், எக்ஸ்ரே, பேத்தாலஜி ஆகியவற்றில் தெரியும் அசாதாரண முடிவுகளை, அவற்றுக்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டு என்று டாக்டர் சுட்டாதவரை இன்பேஷன்ட் சார்ட்டில் கோடு செய்யக் கூடாது. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பில் 'ஹெச்' என்று வந்திருப்பது மெஷின் போட்ட குறி, டாக்டர் போட்டதல்ல. டாக்டர் அதைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். எழுதியதோடு ஆராய்ந்தாரா, சிகிச்சை கொடுத்தாரா, மறுபடி பரிசோதனை செய்யச் சொன்னாரா, அதனால் தங்கும் நாள் கூடியதா, நர்ஸிங் கவனிப்பு கூடியதா என்றும் பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் டி72.829 எப்போதுதான் வரும்? காய்ச்சல் இல்லை, சிறுநீர் சுத்தம், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். டாக்டர் "லூகோசைட்டோசிஸ் (வெள்ளையணு கூடுதல்), காரணம் தெரியவில்லை, நாளை ரத்த அணு எண்ணிக்கை மறுபடி பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறார். அங்கே அந்தக் கோடு நியாயமானது. புறநோயாளியாக வந்த ஒருவரை எண்ணிக்கை கூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ரத்தநோய் நிபுணரிடம் அனுப்பும்போதும் அப்படித்தான்.

இங்கே சிபிசி முடித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீங்கள் படித்தது பெரும்பாலும் டாக்டர் கட்டணம், அவுட்பேஷன்ட் பக்கம். அங்கே 'இருக்கலாம்', 'சந்தேகம்', 'இல்லையென்று உறுதி செய்ய' என்ற சொற்களோடு வரும் நோயைக் கோடு செய்யக் கூடாது. அறிகுறியோடு நிற்க வேண்டும். இன்பேஷன்டில் டிஸ்சார்ஜ் நேரத்திலும் 'அநேகமாக லூகிமாய்டு ரியாக்‌ஷன்' (ரத்தப் புற்றுநோய்போலத் தோன்றும் அளவுக்கு வெள்ளையணு கூடுவது) என்று இருந்தால், அது இருப்பதாகவே எடுத்துக்கொண்டு டி72.823 போடலாம். அதே வாக்கியத்தைக் கிளினிக் குறிப்பில் பார்த்தால் போடக் கூடாது. டாக்டர் எழுதிய சொல் ஒன்றுதான், இடத்தைப் பொறுத்து முடிவு மாறுகிறது. இந்த இரண்டு விதியையும் கலந்துவிட்டால் ஆடிட்டில் தப்பவே முடியாது.

இனி இரண்டாவது சார்ட். இந்த விஷயத்தில் சாரம் இருப்பது இங்கேதான்.

லூகோபீனியா என்றால் வெள்ளையணுக்கள் மொத்தமாகக் குறைவு. நியூட்ரோபீனியா என்றால் நியூட்ரோபில் என்ற ஒரு வகை மட்டும் குறைவு. நம்மூர் லேப்களில் 'டோட்டல் கவுன்ட்', 'டிஃபரன்ஷியல் கவுன்ட்' என்று இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறார்களே, முதலாவதில் தெரிவது லூகோபீனியா. நியூட்ரோபீனியாவைப் பார்க்க இரண்டும் வேண்டும். மொத்த எண்ணிக்கையை நியூட்ரோபில், பேண்ட் (முதிராத நியூட்ரோபில்) இரண்டின் சதவீதக் கூட்டுத்தொகையால் பெருக்கி நூறால் வகுத்தால் வருவது ஏஎன்சி, அதாவது நியூட்ரோபில்களின் எண்ணிக்கை. மொத்தம் 1,800, நியூட்ரோபில் 30 சதவீதம், பேண்ட் 2 சதவீதம் என்றால் ஏஎன்சி 576. பெரியவர்களுக்கு 1,500-க்குக் கீழே போனால் நியூட்ரோபீனியா, 500-க்குக் கீழே போனால் கடுமையானது. இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் கோடு போடுவதற்காக அல்ல. எப்போது டாக்டரிடம் குவெரி (விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி) அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. 576 என்று நீங்களே கணக்குப் போட்டு, டாக்டர் எழுதாத நியூட்ரோபீனியாவை எழுத முடியாது.

அப்புறம் எப்படி அந்தச் சார்ட்டில் டி70.1 வந்தது? இன்டெக்ஸில் லூகோபீனியா என்ற தலைப்பைப் பாருங்கள். நேர் எதிரே டி72.819 இருக்கும். நீங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள். அதன் கீழே இறங்கினால் 'புற்றுநோய்க் கீமோவால் வந்தது' என்று ஒரு துணைவரி, அதற்கு டி70.1. பிற மருந்துகளால் என்றால் டி70.2. பிறவியிலேயே என்றால் டி70.0. ஆக, லூகோபீனியா என்ற சொல்லை எழுதினாலும் காரணம் கீமோ என்று டாக்டர் சொல்லிவிட்டால் இன்டெக்ஸே நம்மை டி70-க்குள் கொண்டுபோகிறது. ஆடிட்டர் நியூட்ரோபீனியாவை ஊகிக்கவில்லை, துணைவரியைப் படித்தார், அவ்வளவுதான். இதில் மருத்துவ நியாயமும் இருக்கிறது: கீமோ எலும்பு மஜ்ஜையை அடிக்கும்போது ஆபத்தான அளவுக்கு விழுவது பெரும்பாலும் நியூட்ரோபில்தான். கோடு தேடும் மென்பொருளான என்கோடரில் சொல்லைத் தட்டியதும் முதலில் வரும் கோடை எடுத்துக்கொள்ளும் பழக்கம் இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. வெள்ளையணு விஷயத்தில் அந்தப் பழக்கம் கண்டிப்பாகக் காலை வாரிவிடும்.

டி70.1 தனியாகவும் நிற்காது. அதன் கீழே இருக்கும் குறிப்பின்படி, மருந்தைக் காட்ட டீ45.1எக்ஸ்5ஏ சேர்க்க வேண்டும், அடிப்படைப் புற்றுநோயின் கோடும் வேண்டும். பக்கவிளைவு விதிப்படி விளைவு முன்னால், மருந்துக் கோடு பின்னால். காய்ச்சலும் இருந்து டாக்டர் நியூட்ரோபீனிக் ஃபீவர் என்று எழுதியிருந்தால் ஆர்50.81 சேரும். வெறும் காய்ச்சலுக்கான ஆர்50.9 அங்கே தவறு. ஆர்50.81 ஒருநாளும் முதல் கோடாக வராது; அடிப்படை நோயை முதலில் போடு என்ற கட்டளை அதற்கு உண்டு. நோயாளி இந்தக் காய்ச்சலுக்காகவே அட்மிட் ஆனார் என்றால் டி70.1 தான் பிரின்சிபல் (முதன்மைக் கோடு), புற்றுநோய் அல்ல. வாயில் புண் இருந்து மியூகோசைட்டிஸ் என்று எழுதியிருந்தால் கே12.3- வரிசையும் பாருங்கள். டி70-இன் குறிப்பிலேயே அது இருக்கிறது. ஆனால் நியூட்ரோபீனிக் ஃபீவர் என்பதை செப்சிஸ் (தொற்றால் உடல் முழுவதும் பாதிக்கப்படும் நிலை) என்று நீங்களாக மாற்றிவிடாதீர்கள். இரண்டும் ஒரே மாதிரி தோன்றும், சிகிச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். செப்சிஸ் என்ற சொல் டாக்டர் கையிலிருந்து வர வேண்டும்.

டி70.2-க்கு நல்ல உதாரணம் தைராய்டு மாத்திரை. மெத்திமசோல் சாப்பிடும் ஒருவர் தொண்டைவலி, காய்ச்சலோடு வருகிறார், நியூட்ரோபில் அடியோடு விழுந்திருக்கிறது. டாக்டர் மாத்திரையால் வந்த அக்ரானுலோசைட்டோசிஸ் என்று எழுதினால் டி70.2, கூடவே டீ38.2எக்ஸ்5ஏ. கிருமித் தொற்றால் விழுந்தால் டி70.3. சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை விழுந்து எழும் சைக்ளிக் நியூட்ரோபீனியாவுக்கு டி70.4. காரணமே இல்லாமல் நியூட்ரோபீனியா என்று மட்டும் இருந்தால் டி70.9. ஆனால் கீமோ நோயாளியின் சார்ட்டில் டி70.9 இருப்பதைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். யாரோ காரணத்தைப் படிக்காமல் விட்டிருக்கிறார்கள், அல்லது குவெரி அனுப்பச் சோம்பல்பட்டிருக்கிறார்கள்.

டி70-யும் டி72.819-யும் ஒரே குறைபாட்டுக்கு ஒன்றாக வரக் கூடாது. டி72.81-இன் கீழே நியூட்ரோபீனியாவுக்கு எக்ஸ்க்ளூட்ஸ் ஒன் குறிப்பு இருக்கிறது. லிம்போசைட் மட்டும் குறைந்தால் டி72.810, மோனோசைட், பேசோபில் போன்றவை குறைந்தால் டி72.818. சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் விழுந்து டாக்டர் பான்சைட்டோபீனியா என்று எழுதினால் கதையே வேறு: கீமோவால் என்றால் டி61.810, பிற மருந்தால் என்றால் டி61.811. மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தால் நீங்களே கூட்டி பான்சைட்டோபீனியா ஆக்காதீர்கள். அது டாக்டர் வைக்க வேண்டிய பெயர்.

ஈசினோபீலியா நம் ஆட்களுக்குப் பழகிய பெயர். தமிழ்நாட்டில் நாள்பட்ட இருமல், தும்மல் இருக்கும் யாரைக் கேட்டாலும் "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு" என்பார்கள். அதனாலேயே கோடரும் அசட்டையாக டி72.1 என்று தட்டிவிடுவார். 2020 அக்டோபர் 1-க்குப் பிறகு அந்த நான்கு இலக்கக் கோடு செல்லாது. காரணம் குறிப்பிடாதது டி72.10. ஹைப்பர் ஈசினோபிலிக் சிண்ட்ரோம் டி72.11-இன் கீழே ஆறாவது இலக்கத்தோடு: காரணம் தெரியாத வகை டி72.110, லிம்போசைட் வகை டி72.111. மருந்து ஒவ்வாமையில் தோலும் உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படும் டிரெஸ் சிண்ட்ரோமுக்கு டி72.12 என்று தனி இடம் கிடைத்தது நல்ல விஷயம். அதோடு மருந்துக்கான டீ கோடும் வர வேண்டும். வேறொரு நோயின் பகுதியாக வந்தால் டி72.18, அந்த நோய் முன்னால். யானைக்கால் நோயின் நுண்புழுக்களுக்கு எதிராக நுரையீரல் காட்டும் மிகை எதிர்வினையான டிராப்பிக்கல் பல்மனரி ஈசினோபீலியா, பெயரில் ஈசினோபீலியா இருந்தாலும் ரத்த அத்தியாயத்தில் இல்லை. அது ஜே82 வரிசையில், நுரையீரலோடு இருக்கிறது. நம் ஊர் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய், அமெரிக்கச் சார்ட்டில் அபூர்வம். வந்தால் இன்டெக்ஸ் உங்களை டி72-க்கு அனுப்பாது.

எண்ணிக்கை கூடிய பக்கத்தில் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லிம்போசைட்டோசிஸ் டி72.820, மோனோசைட்டோசிஸ் டி72.821, பேசோபீலியா டி72.824. பேண்டீமியா டி72.825 மட்டும் கொஞ்சம் விசேஷம்: முதிராத நியூட்ரோபில்கள் கூடியிருக்கின்றன, ஆனால் குறிப்பிட்ட தொற்று எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றால்தான் அது. தொற்று உறுதியானால் தொற்றின் கோடு போதும். டி72.9 என்பது கடைசிப் புகலிடம். நான் அதை ஏற்றுக்கொண்ட சார்ட்டுகள் சொற்பம்.

இனி ரத்தப் புற்றுநோய். லிம்போசைட்கள் பெருகும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோயான சிஎல்எல் இருக்கும் ஒருவருக்கு வெள்ளையணு 80,000 இருக்கும். அதற்கு லிம்போசைட்டோசிஸ் கோடு வேண்டாம், நோயே அதுதான். இந்த வகை ரத்தப் புற்றுநோயான லூகிமியாவின் கோடு ஐந்தாவது இலக்கத்தில் நிலையைக் கேட்கும்: ரெமிஷன் (நோய் அடங்கிய நிலை) அடையாதது 0, ரெமிஷனில் 1, மறுபடி வந்தது 2. எனவே சிஎல்எல் சி91.10, சி91.11, சி91.12 மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 'நிலையாக இருக்கிறது, சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில்' என்று டாக்டர் எழுதினால் அது ரெமிஷன் அல்ல. சிஎல்எல்லில் பல ஆண்டுகள் மருந்தே கொடுக்காமல் கவனித்து வருவது சகஜம்; சி91.10 தான். இசட்85.6 என்ற முன்வரலாற்றுக் கோடுக்கும் ரெமிஷனுக்கும் உள்ள எல்லையில் பலர் விழுகிறார்கள். சிஎம்எல் என்ற இன்னொரு நாள்பட்ட லூகிமியா உள்ள நோயாளி தினமும் இமாட்டினிப் சாப்பிடுகிறார், டாக்டர் ரெமிஷன் என்கிறார் என்றால் அது சி92.11. மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது அதை முன்வரலாறு என்று எழுதினால், அந்த மாத்திரையை எதற்குக் கொடுக்கிறார்கள் என்று இன்சூரன்ஸ்காரர் கேட்பார், நியாயமாகவே. டாக்டர் எழுதியது தெளிவில்லையென்றால் கேட்க வேண்டும் என்று கைட்லைனே சொல்கிறது.

கேட்பது என்றதும் குவெரி எழுதும் விதம். 'நோயாளிக்கு நியூட்ரோபீனியா உள்ளதல்லவா?' என்று எழுதக் கூடாது. அது விடையை வாயில் ஊட்டுவது. காரணம் சொல்லாமல் லூகோபீனியா என்று மட்டும் எழுதிய ஒரு சார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரத்தை வையுங்கள்: மொத்த எண்ணிக்கை 1,800, நியூட்ரோபில் 30, பேண்ட் 2 சதவீதம், கடைசிக் கீமோ எந்தத் தேதி, நியூட்ரோபில்களைக் கூட்டும் மருந்தான ஃபில்கிராஸ்டிம் எந்த நாளிலிருந்து கொடுக்கப்படுகிறது. பிறகு, இந்த மருந்து எந்த நோய்க்காகக் கொடுக்கப்படுகிறது, காரணம் தெரிந்தால் குறிப்பிடவும் என்று கேளுங்கள். தேர்வுகள் கொடுத்தால் 'வேறு', 'மருத்துவ ரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை' இரண்டும் அதில் இருக்க வேண்டும். கட்டணம் கூடும், குறையும் என்ற பேச்சே குவெரியில் வரக் கூடாது.

உங்கள் நிமோனியா சார்ட்டை மட்டும் இன்னொரு முறை திறந்து பாருங்கள். அவருக்குச் சிஓபிடியும் (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருந்து, நரம்பு வழியாக ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்களா? ஸ்டீராய்டு நியூட்ரோபில்களை ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து விடுவித்து எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும். மூன்றாம் நாள் குறிப்பில் டாக்டர், 'நிமோனியா தேறுகிறது, லூகோசைட்டோசிஸ் ஸ்டீராய்டால், ரத்த அணு எண்ணிக்கை தொடர்ந்து பார்க்கவும்' என்று எழுதியிருந்தால் அது நிமோனியாவுக்குள் அடங்கியது அல்ல. அப்போது டி72.829, அதோடு டீ38.0எக்ஸ்5ஏ, இரண்டையும் வைத்து, குறிப்பின் தேதியைச் சுட்டி ஆடிட்டருக்கு மறுப்பு அனுப்பலாம். அப்படி ஒரு வரி இல்லையென்றால் பிழையை ஏற்றுக்கொண்டு அடுத்த சார்ட்டை எடுங்கள்.